உறைபனியில் ஓர் உருளும் வீடு

வீடு என்பது அசையாப் பொருள். வண்டி என்பது அசையும் பொருள். இவ்விரண்டையும் ஒன்றாக்கி, அடுக்களையும் படுக்கையும் குளியலறையும் சக்கரங்களின் மேல் அமைத்து, குடும்பத்துடன் ஊர் ஊராகச் சுற்றிவரும் வழக்கம் வட அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலவி வருகின்றது. 1910ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்தில் நடைபெற்ற மோட்டார் கண்காட்சியொன்றிலே, பியர்ஸ் அரோ என்னும் கம்பனியார் இருக்கையைப் படுக்கையாக மாற்றக்கூடிய உல்லாச வண்டியொன்றைக் காட்சிக்கு வைத்தனர். அதன் வழிவந்தவையே இன்று 'ஆர்.வி.' என்று அந்நாட்டவர் சுருக்கமாக அழைக்கும் வண்டி வீடுகள். தானே ஓடுவனவும் உண்டு. மோட்டார் வண்டியின் பின்னே கொழுவி இழுத்துச் செல்லப்படும் கரவன் வகையும் உண்டு.

கோடைகாலத்தில் இவ்வண்டிகளில் வாழ்வது இன்பமே. ஆனால், புரட்டாதி கழிந்து ஐப்பசி பிறந்ததும் நிலைமை மாறுகின்றது. வசதியுள்ள முதியோர் பலர் வலசை போகும் பறவைகளைப்போல அரிசோனாவுக்கும் புளோரிடாவுக்கும் வண்டியைத் திருப்பிவிடுகின்றனர். 'பனிப்பறவைகள்' என்றே அவர்களுக்குப் பெயர். எனினும் எல்லோராலும் பறந்துவிட முடிவதில்லை. 2008ஆம் ஆண்டையடுத்து வட டக்கோட்டா மாநிலத்தில் எண்ணெய்க் கிணறுகள் பெருகியபோது, வில்லிஸ்ரன் நகரைச் சூழ்ந்த வெளிகளில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வந்து குவிந்தனர். தங்குவதற்கு வீடில்லை, கிடைத்த வீட்டுக்கு வாடகையோ கட்டுப்படியாகவில்லை. ஆதலால் அவர்களுள் பலர் உறைபனிக்காலத்தையும் வண்டி வீடுகளிலேயே கழித்தனர். கோடை விளையாட்டுக்கென்று செய்யப்பட்ட மெல்லிய சுவர்களுக்குள் உறைபனிக்காலத்தைக் கழிப்பது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை காணும் வாய்ப்பு நமக்குக் கனடாவிலே கிட்டியது.

பான்ஃப் நோக்கி

கல்கரி நகரில் வாழும் நமது மருமகன் இருபத்தாறு அடி நீளமான இத்தகைய வண்டியொன்றின் சொந்தக்காரர். தை மாதத்திலே நாம் அங்கு சென்றிருந்தபோது, "மாமா, கோடையிலே மலையைப் பார்ப்பதற்கு எல்லோரும் வருவார்கள். மலையின் உண்மை முகத்தைப் பார்ப்பதென்றால் இப்போது வரவேண்டும்" என்று கூறிப் புறப்பட்டுவிட்டார்.

கல்கரியிலிருந்து மேற்கே ஏறக்குறைய 130 கிலோமீற்றர் தூரத்தில், றொக்கி மலைத்தொடரின் மடியில் அமைந்துள்ளது பான்ஃப். சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடம் கண்ணுக்குச் சட்டெனப் புலப்படுகின்றது. மதில் எழுப்பினாற்போல் மலைகள் எதிரே நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றினூடே போ நதி இறங்கி வருகின்றது. கோடையில் பச்சை நீலமாய்ப் பாயும் அந்நதி, நாம் கண்டபோது கரையோரமெல்லாம் பனிக்கட்டியாக உறைந்து, நடுவே மட்டும் கரிய கோடொன்றாய் ஓடிக்கொண்டிருந்தது.

இந்நாட்டின் முதலாவது தேசியப் பூங்கா இதுவே. 1883ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை போடவந்த தொழிலாளர் மூவர் இங்கு ஒரு குகையினுள்ளே வெந்நீர் ஊற்றைக் கண்டனர். அம்மண்ணின் பழங்குடியினர் அதனை எத்தனையோ தலைமுறையாக அறிந்திருந்தனர் என்பது வேறு விஷயம். அவ்வூற்றைச் சுற்றியுள்ள நிலத்தை 1885ஆம் ஆண்டில் அரசாங்கம் ஒதுக்கிவைத்ததே பூங்காவின் தொடக்கமாகும். ஊரின் அருகே 'டனல் மவுண்டன்', அதாவது சுரங்க மலை, என்றொரு குன்று உண்டு. ஆனால் அதிலே சுரங்கம் எதுவும் இல்லை. மலையைக் குடைந்து தண்டவாளம் போட முதலில் திட்டமிட்ட பொறியியலாளர், பின்னர் அதனைச் சுற்றிச் செல்லும் வழியைக் கண்டனர். சுரங்கம் கைவிடப்பட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அக்குன்றின் மேலுள்ள முகாம்களில் ஒன்று ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். அங்கேதான் வண்டியை நிறுத்தினோம். எதிரே ரண்டில் மலை, ஒருபுறம் சாய்ந்த பலகைபோல், மாலை ஒளியில் பொன்னிறம் பூண்டிருந்தது.

முகாமில் ஒவ்வோர் இடத்துக்கும் மின்சாரம் உண்டு. ஆனால் தண்ணீர்க் குழாய் இணைப்பு இல்லை. அவரவர் தமது தாங்கியில் கொண்டுவந்த நீரையே அவரவர் பாவிக்கவேண்டும். அந்நீர் உறையாமற் காப்பது அவரவர் கடமை.

நீரின் விசித்திரக் குணம்

பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்குவன. நீரும் 4 பாகை செல்சியஸ் வரையில் அவ்வாறே சுருங்குகின்றது. அதன் கீழே குளிர்ந்தால் விரியத் தொடங்குகின்றது. உறைந்து கட்டியாகும்போது நூறு பங்கு நீர் ஏறக்குறைய நூற்றொன்பது பங்கு இடத்தைக் கேட்கின்றது. இக்குணத்தினாலேயே பனிக்கட்டி நீரில் மிதக்கின்றது. ஏரியின் அடியில் மீன்கள் உயிர் பிழைக்கின்றன. அதே குணமே குழாய்களுக்குக் காலனாக அமைகின்றது.

குழாயின் நடுவே பனிக்கட்டி உருவாகி இருபுறமும் வளர்கின்றது என்க. பூட்டிய திருகுபிடிக்கும் கட்டிக்கும் இடையே அகப்பட்ட நீருக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே செல்லும். ஈற்றில் குழாயோ, மூட்டோ, நீரேற்றும் பம்பியோ வெடித்துவிடும். இதிலுள்ள வஞ்சகம் யாதெனில், வெடித்த வேளையில் எதுவும் தெரிவதில்லை. பனிக்கட்டியே துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அல்பேர்ட்டாவின் குளிர்காலத்தில் மேற்கு மலைகளைத் தாண்டிச் 'சினூக்' என்னும் வெப்பக் காற்று திடீரென வீசுவதுண்டு. சில மணி நேரத்திலேயே உறைபனி உருகத் தொடங்கிவிடும். ஊரெல்லாம் அக்காற்றை வரவேற்கும். ஆனால் வண்டிக்காரனின் தரைப்பலகை அப்போதுதான் நனையத் தொடங்கும்.

பான்ஃபிலே தை மாதத்து இரவுகளில் வெப்பமானி பூச்சியத்துக்கு 10 பாகை கீழே செல்வது வழக்கம். அதற்கும் 30 பாகைக்கு அப்பால் இறங்கும் இரவுகளும் உண்டு. நாம் தங்கிய முதலிரவில் அது பூச்சியத்துக்கு 27 பாகை கீழே காட்டியது.

வெப்பத்தின் கணக்கு

இவ்வண்டிகளில் வெப்பமூட்டும் உலை புரொப்பேன் வாயுவினால் எரிவது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நமது சமையல் எரிவாயுவிலுள்ள புரொப்பேன், பியூட்டேன் என்பவற்றின் விகிதம்பற்றி எழுந்த பெரும் விவாதத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குளிர் நாடுகளில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையானது. பியூட்டேன் ஏறக்குறைய பூச்சியப் பாகையிலேயே ஆவியாவதை நிறுத்திச் சிலிண்டருக்குள் திரவமாய்த் தங்கிவிடும். புரொப்பேனோ பூச்சியத்துக்கு 42 பாகை கீழேதான் அவ்வாறு அடங்கும். ஆதலால் அங்கு புரொப்பேனன்றி வேறெதுவும் உதவாது.

சாதாரணமாக இவ்வண்டிகளிலுள்ள சிலிண்டர் 30 இறாத்தல் வாயு கொள்ளும். நடுத்தர உலையொன்று ஓயாது எரிந்தால் அச்சிலிண்டர் ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். உலை விட்டுவிட்டு எரிவதால் இரண்டொரு நாள் தாக்குப்பிடிக்கின்றது. ஆதலின் எவரும் இரண்டு சிலிண்டர்களை வைத்து, ஒன்று முடிந்ததும் மற்றையது தானே தொடங்கும்படி இணைத்துக்கொள்கின்றனர். நள்ளிரவில் வாயு தீர்ந்து உலை அணைந்தால், விடிவதற்குள் குழாய்கள் உறைந்துவிடும்.

வாயு இருந்தால் மட்டும் போதாது. உலையின் காற்றை வீசும் விசிறி 12 வோல்ற் மின்கலத்தினால் இயங்குவது. ஈய அமில மின்கலத்தின் வலு கடுங்குளிரிலே வெகுவாகக் குறைந்துவிடும். முற்றாக மின்னேற்றிய கலம் கடும் உறைபனியையும் தாங்கும். வெறுமையாகிய கலமோ தானே உறைந்து வெடிக்கும். முகாமில் மின்சாரம் உள்ளவரை இக்கவலை இல்லை. மின்சாரமற்ற காட்டிலே தங்குவோருக்கு இதுவே முதற் கவலை.

எஞ்சியவை சிறு சிறு காரியங்கள். கூரையிலுள்ள காற்றுத் துவாரங்களுக்கு மெத்தைத் துண்டுகளை அடைக்கின்றனர். யன்னல்களுக்கு மினுக்கத் தாள் ஒட்டிய குமிழ்த் தகட்டை வெட்டிப் பொருத்துகின்றனர். சாரதியின் ஆசனப் பகுதியைக் கனத்த திரையால் மறைத்துவிடுகின்றனர். அப்பெரிய முன்கண்ணாடி வழியாகவே வெப்பம் அதிகம் வெளியேறும். மருமகன் இவற்றையெல்லாம் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டுக் குசினி அலுமாரிக் கதவுகளைத் திறந்துவைத்தார். "இதென்ன தம்பி, அலுமாரியை இரவிலே திறந்து வைக்கிறீர்?" என்று வினவினோம். "குழாய்கள் இதன் பின்னால் ஓடுகின்றன, மாமா. எங்களுக்குக் கிடைக்கும் சூடு அவைகளுக்கும் கிடைக்கவேண்டாமா?" என்றார்.

வண்டியின் வயிற்றுப்பக்கம்

நன்னீர்த் தாங்கி, கழுவு நீர்த் தாங்கி, மலக்கழிவுத் தாங்கி என மூன்று தாங்கிகள் இத்தகைய வண்டிகளில் உள்ளன. பெரும்பாலும் இவை தரைப்பலகையின் கீழே தொங்குவன. அங்கே கீழிருந்து காற்று வீசுகின்றது. காற்று எத்துணை வேகமாக வீசினாலும் ஒரு பொருளை வெளிக் குளிரினும் அதிகமாகக் குளிர்விக்காது. ஆனால், உள்ளே சேமித்த சூட்டை வெகு விரைவில் அள்ளிச் சென்றுவிடும். மாலையில் தொடங்கி விடியும்வரை தாங்கவேண்டிய நீர், காற்றில் முன்னிரவிலேயே உறைந்துவிடும்.

ஆதலால் மாதக்கணக்கில் ஓரிடத்தில் தங்குவோர் வண்டியின் அடிப்பாகத்தைச் சுற்றி நிலம்வரை மறைப்புக் கட்டுகின்றனர். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயர் 'பாவாடை' என்றே பொருள்படும். படங்குத் துணி, பலகை, நுரைத் தகடு என்பவற்றில் எது கைக்கு எட்டுகின்றதோ அதனாற் கட்டுவர். அதன்மேல் பனியை அள்ளிக் குவித்து அணைத்துவிடுவோரும் உண்டு. புதிதாய் விழுந்த பனியிலே பெரும்பகுதி காற்றேயாதலால், அது கம்பளிபோல் சூட்டைக் காக்கும். வடதுருவத்து இனுவிட் மக்கள் பனியாலேயே வீடு கட்டி வாழ்ந்தமை இவ்வுண்மையை அறிந்தேயன்றோ!

கழுவு நீரிலும் ஒரு நுட்பம் உண்டு. குழாயைத் திறந்துவிட்டால் நீர் சிறிது சிறிதாக ஓடிக்கொண்டே இருக்குமே, அது நல்லதுதானே என்று நாம் நினைப்போம். அது தவறு. துளித்துளியாக ஓடும் நீர் வெளிக்குழாயினுள்ளே படலம் படலமாக உறைந்து, ஈற்றில் முழுவதையும் அடைத்துவிடும். தாங்கி நிரம்பும்வரை மூடியை இறுகப் பூட்டிவைத்து, நிரம்பியபின் ஒரே மூச்சில் வெளியேற்றுவதே முறை. வெளியிலிருந்து நீர் பெறும் றப்பர்க் குழாயையும் அவ்வாறே தாங்கியை நிரப்பியதும் கழற்றி, வடித்து, உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும்.

அடுத்த வண்டியின் கதை

இரண்டாம் நாட் காலை, பக்கத்து வண்டிக்காரர் வந்து கதவைத் தட்டினார். பனிச்சறுக்கு விளையாட மனைவியுடன் வந்த நடுவயதினர். அவரது வண்டியில் நீர் வரவில்லை. இரவு முழுவதும் வண்டிக்குள் நல்ல சூடாயிருந்ததாகவும், தமக்கு வியர்த்தே விட்டதாகவும் கூறி வியந்தார். மருமகன் உடனே, "மின்சார அடுப்பு வைத்தீர்களா?" என்று கேட்டார். ஆம், இரண்டு வைத்தாராம்.

விஷயம் இதுதான். அத்தகைய வண்டிகள் பலவற்றில் உலையின் சூடான காற்று தரையின் கீழுள்ள வழிகளாகச் சென்று, தாங்கிகளையும் குழாய்களையும் தழுவியே அறைக்குள் வருகின்றது. மின்சார அடுப்போ அறையை மட்டும் சூடாக்கும். அறை சூடானதும் வெப்பச் சீராக்கி, இனி வேலையில்லை என்று உலையை நிறுத்திவிடும். மேலே மனிதர் வியர்த்துக்கொண்டிருக்க, கீழே குழாய்கள் உறைகின்றன. மேலும், 30 அம்பியர், 120 வோல்ற் இணைப்பு தரக்கூடியது 3,600 வாற் மட்டுமே. ஆளுக்கு 1,500 வாற் உண்ணும் அடுப்புகள் இரண்டு வைத்தால், எஞ்சுவது 600 வாற். தேநீர்க் கேத்தல் ஒன்றைப் போட்டாலே மின்சாரம் அறுந்துவிடும்.

மருமகன் அவரது வண்டியின் திருகுபிடிகளைத் திறந்துவிட்டு, கூந்தல் உலர்த்தும் கருவியினாற் குழாயைச் சூடாக்கத் தொடங்கினார். திறந்த திருகுபிடியின் பக்கத்திலிருந்து கட்டியை நோக்கிச் செல்லவேண்டும்; உருகும் நீருக்கு வெளியேற வழி வேண்டுமன்றோ. தீச்சுவாலையை ஒருபோதும் அணுகவிடக்கூடாது. பிளாஸ்ரிக் குழாயும் மரப்பலகையும் வாயுவும் நெருங்கியிருக்கும் இடம் அது. ஒரு மணி நேரத்துக்குமேல் பாடுபட்டபின் நீர் சொட்டியது. ஆனால் கட்டிலின் கீழிருந்தும் சொட்டியது. வளையும் பிளாஸ்ரிக் குழாய் விரிவைத் தாங்கிக்கொண்டது. அதன் மூட்டு தாங்கவில்லை. அவ்விருவரும் தாங்கியை வடித்துவிட்டு, முகாமின் பொதுக் குளியலறையிலிருந்து போத்தல்களில் நீர் சுமந்தனர். உல்லாசப் பிரயாணிகளாதலால் அவர்களுக்கு அது சில நாட் சிரமம் மட்டுமே. அதே வண்டியே வீடாய், காலையில் எண்ணெய்க் கிணற்றுக்கு வேலைக்குப் போகவேண்டிய குடும்பத்தலைவன் ஒருவனுக்கு அது எத்தகைய இடி என்று எண்ணிப் பார்த்தோம்.

ஈரமும் நச்சுக் காற்றும்

நீரைக் காப்பதிலும் பெரிது உயிரைக் காப்பது. சிறு அறையில் சமையலும் குளிப்பும் மூச்சும் சேர்ந்து ஈரத்தைப் பெருக்குகின்றன. காலையில் யன்னற் சட்டங்களில் நீர் வழிந்து, மூலைகளில் உறைந்து கிடக்கும். நாளடைவில் மெத்தையின் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். குளிர் தாங்காமல் சமையல் அடுப்பையே மூட்டிக் குளிர்காய நினைப்போர் உளர். புரொப்பேன் ஒரு கிலோகிராம் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோகிராம் நீராவி உண்டாகும் என்பது இரசாயனக் கணக்கு. சூட்டைத் தேடி ஈரத்தை வாங்கிக்கொள்வதே மிச்சம்.

அதனினும் கொடியது காபனோரொட்சைட்டு என்னும் வாயு. எரிபொருள் முற்றாக எரியாதபோது பிறப்பது, நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே உயிர் துறப்பர். உலையின் புகை வெளியேறும் துவாரம் வண்டியின் புறச்சுவரில் உண்டு. இரவிற் பெய்த பனி அதனை மூடிவிட்டால், புகை உள்ளே திரும்பவுங் கூடும். மின்பிறப்பாக்கியைக் கதவருகே ஓடவிடுவோருக்கும் இதே ஆபத்துண்டு. ஆதலால் நச்சுவாயுவை அறிந்து ஒலியெழுப்பும் சிறு கருவியொன்று கட்டாயம் இருத்தல் வேண்டும். மருமகன் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தும்புத்தடியுடன் வெளியே சென்று அத்துவாரத்தைத் துப்புரவு செய்தார். எத்தனை குளிரானாலும் கூரைத் துவாரம் ஒன்றைச் சிறிதளவேனும் திறந்துவைக்கவும் அவர் தவறவில்லை.

பயணம் முடிந்தபின்

குளிர்காலம் முழுவதும் வண்டியைப் பாவியாமல் நிறுத்துவோர் செய்யும் முறை வேறு. தாங்கிகளையும் சுடுநீர்க் கொப்பரையையும் வடித்து, அழுத்தம் குறைந்த காற்றினாற் குழாய்களை ஊதி, அல்லது இளஞ்சிவப்பு நிறமான உறைதடுப்புத் திரவத்தை அவற்றினூடே பாய்ச்சி, எல்லாத் திருகுபிடிகளிலும் அந்நிறம் வரும்வரை திறந்துவிடுவர். இது புரொப்பிலீன் கிளைக்கோல் கலந்தது. மோட்டார் இயந்திரத்துக்கு ஊற்றும் உறைதடுப்பில் பெரும்பாலும் உள்ளது எதிலீன் கிளைக்கோல் என்னும் கொடு நஞ்சு. குடிநீர் ஓடும் குழாயில் அதனை மறந்தும் ஊற்றலாகாது.

புறப்படுமுன் நாம் அப்பர் ஹொட் ஸ்பிரிங்ஸ் என்னும் வெந்நீர்த் தடாகத்துக்குச் சென்றோம். ஏறக்குறைய 40 பாகைச் சூட்டில் கந்தக மணங்கமழ மண்ணுக்குள்ளிருந்து வரும் நீர் அது. கழுத்தளவு நீரில் இருந்தோரின் தலைமயிர் வெண்பனி பூத்து நரைத்திருந்தது. குழாய் நீரைக் காப்பதற்கு மனிதன் இத்துணை பாடுபடும் மலையிலே, இயற்கை தன் குழாயை ஒரு நாளும் உறையவிடவில்லை என்று எண்ணி நகைத்தோம்.

நம்மவர் பல்லாயிரவர் இன்று கனடாவில் வாழ்கின்றனர். அவர்தம் பெற்றோரும் உறவினரும் இங்கிருந்து சென்று தங்கிவருகின்றனர். உறைபனிக்காலத்தில் இத்தகைய வண்டியொன்றில் பயணஞ்செய்யும் வாய்ப்பு வாசகர் எவருக்கேனும் கிட்டுமாயின் தயங்கவேண்டாம். அம்மலைகளின் அமைதி காணத்தக்கது. ஆனால் ஏறுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். நச்சுவாயுக் கருவி ஒலிக்கின்றதா? இரண்டாவது சிலிண்டர் நிரம்பியுள்ளதா? மின்கலம் வலுவாயுள்ளதா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைத்தபின் தண்ணீரைப்பற்றி விசாரிக்கலாம். நீர் உறைந்தால் போத்தலிற் சுமக்கலாம். மற்றவை தவறினால் சுமப்பதற்கு எதுவுமில்லை.